மலை ஏற்காட்டில், எம்பி கள்ளக்குறிச்சியில்: தொகுதி மறுவரையறை பற்றி நம்ம ஊர்க் கணக்கு

நாகலூர் காப்பி:
எஸ்ஐஆர் என்கிற வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கான படிவம் நிரப்ப உட்கார்ந்ததில் வந்த வினை இது. வீட்டுக்காரிக்குப் பிறந்த ஊர் பனமரத்துப்பட்டி பக்கம். பழைய பட்டியலில் அவள் பெயரோ அவள் அப்பா பெயரோ எந்தப் பாகம், எத்தனையாவது வரிசை எண் என்று எழுத வேண்டுமே, அதற்காகப் போனில் தேடுகிறோம், தேடுகிறோம், ஆளையே காணோம். வீரபாண்டியில் பார்த்தாச்சு, சேலம் தெற்கிலும் பார்த்தாச்சு. கடைசியில் மாமனாரைக் கூப்பிட்டால் அவர் கத்துகிறார், "அப்ப ஏதுப்பா சேலம் தெற்கு, பனமரத்துப்பட்டியே ஒரு தொகுதி, அதுல பாரு" என்று. பார்த்தால் இருக்கிறது. மாமனார், மாமியார், செத்துப்போன பெரியம்மா எல்லாரும் வரிசையாக. ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, தொகுதி மட்டும் 2008இல் போய்விட்டது.

அதே வேகத்தில் நம்ம மாவட்டம் முழுக்கப் பார்த்தேன். தொகுதி எல்லைகளைத் திரும்ப வரைந்த அந்த மறுவரையறையில் பனமரத்துப்பட்டி போச்சு, தாரமங்கலம் போச்சு, தலைவாசல் போச்சு, சேலம் 1, சேலம் 2 போச்சு. வடக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று சேலமும் கெங்கவல்லியும் வந்தன. 12 தொகுதி 11 ஆனது. இது கூடப் பரவாயில்லை. எம்பி கணக்குக்கு வந்தால்தான் கூத்து. 11 சட்டமன்றத் தொகுதியில் 6 மட்டும் சேலம் நாடாளுமன்றத் தொகுதியில். ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சியில். மேட்டூர் தருமபுரியில். சங்ககிரி நாமக்கல்லில். ஒரு மாவட்டத்துக்கு நாலு எம்பி, நாலு பேரில் மூன்று பேருக்கு நாம் ஓரத்து ஊர்.

பக்கத்து லைன் வீட்டுப் பையனுக்கு இதய ஆபரேஷன், பிரதமர் நிவாரண நிதிக்கு எழுத எம்பி கடிதம் வாங்கச் சொன்னார்கள். அவன் அப்பனும் நானும் காலை முதல் பஸ்ஸில் ஏற்காடு மலையின் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்தில் விசாரித்தால், "நீங்க எங்க தொகுதி இல்லீங்களே, கள்ளக்குறிச்சி போங்க" என்றார்கள். சொன்னவர் மேல் தப்பே இல்லை, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துதான் சொன்னார். அப்புறம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறி அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். மலை மேலிருந்து சேலம் டவுன் விளக்கு கண்ணுக்கெதிரே தெரிகிறது. எம்பி மட்டும் நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

இப்போது எல்லாரும் அடுத்த மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு எம்பி 39 ஆ 31 ஆ என்று பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் எத்தனை என்பதோடு கோடு எங்கே போகிறது என்பதையும் யாராவது பேசுங்களேன் என்றுதான் இந்த இழை.

லீ பஜார்:
அண்ணே, கடிதம் கிடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லாம விட்டுட்டீங்க.

நாகலூர் காப்பி:
கிடைத்தது தம்பி. பையன் நல்லா இருக்கான். அவன் அப்பனுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு, அவ்வளவுதான்.

கணக்கு வாத்தியார், அஸ்தம்பட்டி:
ஏன் இப்படிப் பிய்ந்தது என்பதற்குக் காரணம் சுலபம், யாரும் சதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 234 எம்எல்ஏ, 39 எம்பி. வகுத்தால் சரியாக 6. ஒரு சட்டமன்றத் தொகுதி முழுசாக ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்க வேண்டும், பாதியாக வெட்டக்கூடாது என்பது சட்டம். அப்படியானால் ஆறு ஆறாகக் கட்டு போட வேண்டும். சேலத்தில் 11, ஒரு கட்டு போக மீதி 5. அந்த ஐந்தை அக்கம்பக்கத்தில் தொகுதி குறைவாக இருந்த கட்டுகளில் சொருகிவிட்டார்கள். நாகலூர்க்காரர் அந்த மீதியில் விழுந்துவிட்டார்.

இன்னும் மோசமான ஊர் உண்டு. புதுக்கோட்டைக்கு 2008க்குப் பிறகு எம்பி தொகுதியே கிடையாது, மாவட்டத்தைத் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று பங்கு போட்டாயிற்று. நம்ம பக்கத்தில் ராசிபுரமும் திருச்செங்கோடும் எம்பி தொகுதிகளாக இருந்தவை, இரண்டும் அதே வருஷம் காணாமல் போனவை.

மேட்டூர் உபரிநீர்:
அணை சேலம் மாவட்டம், கலெக்டர் சேலத்தில், எம்பி தருமபுரி. திறந்துவிடுகிற தண்ணீர் போவது ஈரோடு, நாமக்கல் வழியா தஞ்சாவூருக்கு. எங்களுக்கு எதுவும் உள்ளூரில் நிற்காது என்பது விதி போல.

சங்ககிரி லாரி:
எனக்கு நாமக்கல் எம்பி. எங்க தொழிலுக்கு அதுதான் வசதி, பாடி கட்டுவது முதல் பர்மிட் பேச்சு வரைக்கும் அங்கேதான். எல்லாக் கோடும் தப்புன்னு சொல்லாதீங்க. அப்புறம் ஒரு விஷயம், 2008க்கு முன்னால சங்ககிரி தனித் தொகுதி, அப்புறம் பொது ஆச்சு. ஆத்தூர் பொதுவா இருந்து தனித் தொகுதி ஆச்சு. ஒரு கோடு நகர்ந்தா யார் நிக்கலாம், யார் நிக்கக்கூடாதுங்கிறதும் மாறுது. எங்க பக்கம் ரெண்டு மூணு பேர் பத்து வருஷமா வெள்ளை வேட்டியை இஸ்திரி போட்டு வெச்சுக் காத்திருந்தாங்க, அவங்களுக்கு அப்பதான் விடிஞ்சுது.

லீ பஜார்:
நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்றேன், யாரும் அடிக்க வராதீங்க. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டும் ஒரே மதிப்பு, இதுதானே ஜனநாயகம்? 2011 கணக்கெடுப்பில் பீகார் 10.41 கோடி, எம்பி 40. தமிழ்நாடு 7.21 கோடி, எம்பி 39. அங்கே ஒரு எம்பிக்கு 26 லட்சம் பேர், இங்கே பதினெட்டரை லட்சம். நம்ம பஜாரில் மூட்டை தூக்குகிற பீகார் பையனின் ஓட்டு நம்ம ஓட்டில் முக்கால் பங்குகூட இல்லை. இதே நமக்கு நடந்திருந்தா சும்மா இருப்போமா?

அம்மாப்பேட்டை தறி:
தம்பி, நீங்க சொல்ற நியாயம் எனக்கும் புரியுது. ஆனா எனக்கு 64 வயசு. 1976இல் எமர்ஜென்சி நடக்கும்போது எங்க தெருவுக்கு வந்து "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவர் முழுக்க எழுதினதை நின்னு பார்த்தவ நான். எங்க அம்மாவுக்கு ஆறு பிள்ளை, எனக்கு ரெண்டு, என் மகளுக்கு ஒண்ணு. அரசாங்கம் சொல்லுச்சு, கேட்டோம். அதே வருஷம்தான் 42ஆவது திருத்தம் போட்டு, குடும்பக் கட்டுப்பாடு செய்யும் மாநிலத்துக்கு நஷ்டம் வரக்கூடாதுன்னு 1971 ஜனத்தொகையிலேயே சீட்டை நிறுத்தி வெச்சாங்க. 2001இல் வாஜ்பாய் காலத்தில் 84ஆவது திருத்தத்தில் இன்னும் 25 வருஷம் நீட்டினாங்க. அந்த வாக்கை நம்பித்தான் போனோம். இப்போ ரெண்டு பெத்தவளுக்கு அபராதமா?

லீ பஜார்:
அக்கா, நீங்க பேசினா எனக்கு பதில் வரமாட்டேங்குது. ஆனாலும் பீகார் பையன் என்ன தப்பு செஞ்சான்? நிறுத்தி வெச்ச 50 வருஷத்தில் பிறந்தவன் அவன்.

கணக்கு வாத்தியார், அஸ்தம்பட்டி:
இரண்டு பேரும் சொல்வது சரி, அதனால்தான் இது தீராத வழக்கு. எண்களை மட்டும் வைக்கிறேன்.

543ஐ அப்படியே வைத்து 2011 கணக்கில் பங்கு போட்டால் தமிழ்நாட்டுக்கு 32, உத்தரப்பிரதேசத்துக்கு இப்போதைய 80க்குப் பதில் 90 கிட்ட, பீகாருக்கு 40க்குப் பதில் 47 கிட்ட வரும். 2025இல் முதல்வராக இருந்த ஸ்டாலின் 31 என்று சொன்னது இந்த வகைக் கணக்குதான், மதிப்பீட்டு மக்கள்தொகையை வைத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். 2025 பிப்ரவரியில் கோவையில் அமித் ஷா ஒரு சீட் கூடக் குறையாது என்றார். குறையாமல் இருக்க மொத்தத்தை ஏற்ற வேண்டும். புதிய நாடாளுமன்றத்தின் மக்களவையில் 888 இருக்கை. அந்த 888ஐ ஜனத்தொகைப்படி பிரித்தால் நமக்கு 53. இப்போதைய விகிதப்படி பிரித்தால் 64. 53 என்பது 39ஐ விட அதிகம்தானே என்று ஒருவர் கைதட்டலாம். ஆனால் இன்று நூற்றுக்கு 7.2 கை தூக்குகிறோம், அப்போது 6க்கும் கீழே. தட்டில் இட்லி கூடியிருக்கும், பந்தியில் நம்ம பங்கு குறைந்திருக்கும். ஆக, "குறையாது" என்று சொல்பவரிடம் எண்ணிக்கையா, விகிதமா என்று திருப்பிக் கேளுங்கள்.

நமக்கு ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டிருக்கிறது. 1962 வரை 41 எம்பி. 1967இல் 39. அந்த இரண்டு போனதற்கு ஈடு ஏன் தரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2021இல் கேட்டது.

டல்லாஸ் சேலத்தான்:
ஊர் இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து டெக்சாஸில் பிள்ளை வளர்க்கிறேன். நீங்கள் மறுவரையறை கமிஷன் போட்ட கோட்டைத் திட்டுகிறீர்கள், இங்கே கோடு போடுவதே மாநிலச் சட்டமன்றம். ஆளுங்கட்சி உட்கார்ந்து பென்சிலை எடுக்கும். பத்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்துதான் வரைவது வழக்கம். 2025இல் நடுவிலேயே சிறப்புக் கூட்டம் கூட்டி, குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக 5 இடம் வருகிற மாதிரி வரைந்தார்கள். மொத்தம் 38 இடத்தில் அவர்களுக்கு ஏற்கெனவே 25 இருந்தது.

எதிர்க்கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆகஸ்ட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலத்தை விட்டே கிளம்பிவிட்டார்கள், பாதிப் பேருக்கு மேல் இல்லினாய்ஸில். 150 பேர் சபையில் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் நடக்கும். வராத ஒவ்வொரு நாளுக்கும் 500 டாலர் அபராதம். இரண்டு வாரம் இழுத்தது, அப்புறம் திரும்பி வந்தார்கள், மசோதா நிறைவேறியது, ஆளுநர் கையெழுத்துப் போட்டார். பதிலுக்குக் கலிபோர்னியா நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்து, அந்தப் பக்கம் 5 இடம் சேர்கிற மாதிரி தன் வரைபடத்தை மாற்றிக்கொண்டது. நம்ம ஊரில் 2017இல் எம்எல்ஏக்களைக் கூவத்தூர் ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனது அரசைப் பிடிக்க. இங்கே ஓடினது ஒரு வரைபடத்தை நிறுத்த.

இந்த வித்தைக்கு ஜெரிமாண்டர் என்று பெயர். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜெரி கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்கிற, பார்க்கப் பல்லி போல இருக்கும் பிராணி மாதிரி வளைந்து கிடந்ததால் வந்த பெயர். கள்ளக்குறிச்சி தொகுதியை வரைபடத்தில் பாருங்கள், அண்ணனின் ஏற்காடு அதில் ஒரு வால் நுனி. ஆனால் அதை எந்தக் கட்சியும் லாபத்துக்குப் போடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

மேட்டூர் உபரிநீர்:
சாமி, லாபத்துக்குப் போடலைன்னு அவ்வளவு உறுதியா சொல்லாதீங்க. கமிஷனில் யார் யார் இருந்தாங்க?

கணக்கு வாத்தியார், அஸ்தம்பட்டி:
2002 சட்டப்படி மூன்று பேர்தான். உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் அல்லது ஓய்வு பெற்ற நீதிபதி தலைவர், அந்த முறை குல்தீப் சிங். தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவர் சொல்லும் ஆணையர் ஒருவர். அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையர் ஒருவர். இவர்களோடு ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் 5 எம்பி, 5 எம்எல்ஏ துணை உறுப்பினர்களாக உட்காரலாம், பேசலாம், மறுப்பு எழுதலாம். ஓட்டு கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

அந்த 5 எம்எல்ஏ யார் என்று முடிவு செய்வது சபாநாயகர். இதை இங்கே கொஞ்சம் நிறுத்திக் கவனியுங்கள். 2025 மார்ச் 17 அன்று சபாநாயகர் அப்பாவு மேல் அதிமுக நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்ததே, 63க்கு 154 என்று தோற்றதே, அன்றைக்கு நாம் எல்லாம் மைக் கொடுத்தார், மைக் கொடுக்கவில்லை என்ற சண்டையாகத்தான் பார்த்தோம். நாளை புதிய சட்டமும் பழைய மாதிரியே வந்தால், அன்றைக்கு அந்த நாற்காலியில் இருப்பவர்தான் வரைபட மேசைக்கு ஐந்து பேரை அனுப்புவார். கட்சிகளின் பலத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் எந்த மாவட்டத்து ஆள் என்று எதுவும் இல்லை.

அம்மாப்பேட்டை தறி:
மறுவரையறையை எதிர்த்துச் சட்டசபையில் தீர்மானம் போட்டாங்களே, அதுக்கு என்ன மதிப்பு?

கணக்கு வாத்தியார், அஸ்தம்பட்டி:
2024 பிப்ரவரி 14 அன்று போட்டது. மதிப்பு அரசியல் மதிப்புதான் அம்மா, டெல்லியைக் கட்டுப்படுத்தாது. 2025 மார்ச் 5 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம், அதிமுகவும் வந்தது, பாஜக வரவில்லை. சீட்டை நிறுத்தி வைத்ததை 2026லிருந்து இன்னும் 30 வருஷத்துக்கு நீட்டுங்கள் என்று கேட்டார்கள். மார்ச் 22 அன்று கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்கள் எல்லாம் வந்த கூட்டத்தில் அது 25 வருஷம் ஆனது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிறுத்தி வைத்ததை எடுக்க யாரும் சட்டம் திருத்த வேண்டியதில்லை. 2026க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியானால் தடை தானாக விலகும். அந்தக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்து 2025 ஜூனிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. நீட்டத்தான் திருத்தம் வேண்டும். சும்மா இருப்பவர் ஜெயிப்பார், எதிர்ப்பவர் நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு தேட வேண்டும்.

சங்ககிரி லாரி:
பெண்களுக்கு 33 சதவீதம்னு 2023இல் நிறைவேத்தினதும் இந்த மறுவரையறைக்கு அப்புறம்தான் அமலாகும்னு அதிலேயே எழுதி வெச்சிருக்காங்க. மறுவரையறையை எதிர்த்தா பெண்களை எதிர்க்கிறான்னு சொல்லலாம். கொக்கியை எங்க மாட்டிருக்காங்க பாருங்க.

அம்மாப்பேட்டை தறி:
எங்களைக் கேட்டா மாட்டினாங்க? 543இலேயே கொடுத்திருக்கலாமே.

லீ பஜார்:
அக்காவுக்கு ஒரு லைக். இன்னொண்ணு, கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, கட்டட வேலைன்னு நம்ம ஊரில் வடக்கத்தி ஆட்கள் இவ்வளவு பேர் இருக்காங்க. கணக்கெடுப்பில் வழக்கமாக் குடியிருக்கிற இடத்தில்தான் எண்ணுவாங்க. அவங்களை ஒழுங்கா எண்ணினா தமிழ்நாட்டுக் கணக்குதான் ஏறும். "திருப்பி அனுப்பு"ன்னு கத்துகிற நம்ம ஆளுங்க இதை யோசிச்சாங்களான்னு தெரியலை. பட்டறைக்கு மேலே தகர ஷெட்டில் பத்துப் பேர் படுத்திருப்பாங்க, எண்ண வருகிறவர் அந்த ஏணியில் ஏறுவாரா என்பதுதான் என் கவலை.

நாகலூர் காப்பி:
மூன்று நாளாக மழை, டவர் இல்லை, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். வாத்தியார் சொன்ன ஆறு ஆறு கட்டு என் மண்டையிலேயே நிற்கிறது. அப்படியானால் எம்எல்ஏ எண்ணிக்கை அப்படியே இருந்து, தமிழ்நாட்டுக்கு எம்பி எண்ணிக்கை மட்டும் கூடினால் அந்தக் கட்டு சின்னதாகும், ஏற்காடு சேலத்தோடு சேர வாய்ப்பு வரும். அதாவது எண்ணிக்கை கூடி விகிதம் குறைந்து மாநிலமாக நமக்கு எது நஷ்டமோ அது என் மலைக்கு லாபமாகலாம். இதை எழுதும்போதே எனக்குக் குற்றவுணர்ச்சியாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைப் பேசினால் எங்கள் பக்கத்திலேயே சண்டை வரும். ஏற்காடு பழங்குடியினர் தொகுதி. தமிழ்நாட்டில் இப்படி இரண்டே இரண்டு, இன்னொன்று சேந்தமங்கலம். நிற்பவர் பழங்குடி. ஆனால் ஓட்டில் பெரும்பகுதி மலையில் இல்லை, கீழே வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம். 2013 டிசம்பர் இடைத்தேர்தலில் மந்திரிகள் பட்டாளமே இங்கே முகாம் போட்டது, நோட்டா பட்டன் தமிழ்நாட்டில் முதல்முதலாக வந்ததும் அந்தத் தேர்தலில்தான். அப்போதும் பெரிய கூட்டம் எல்லாம் கீழேதான். மலைக்குச் சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் ஒரு ஜீப் வந்து போகும். வெள்ளக்கடை பக்கம் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார், "தொகுதி நம்ம பேர்ல, ஓட்டு அவங்க பேர்ல". சட்டத்தில் தொகுதி பிரிக்கும்போது மலை, ஆறு போன்ற நில அமைப்பு, போக்குவரத்து வசதி, பொதுமக்கள் சௌகரியம் எல்லாம் பார்க்க வேண்டும் என்றே இருக்கிறதாம். வரைந்தவர்கள் ஒருதரம் குப்பனூர் ரோட்டில் மேலே வந்து பார்த்திருந்தால் தேவலை.

சங்ககிரி லாரி:
மலையை மட்டும் தனியா பிரிச்சா ஒரு தொகுதிக்குத் தேவையான ஆள் தேறாதே அண்ணே.

நாகலூர் காப்பி:
தேறாது. அது தெரிந்துதான் புலம்புகிறேன். கீழே எந்த ஊரோடு சேர்ப்பது என்பதையாவது எங்களைக் கேட்டுச் செய்யலாம் அல்லவா.

டல்லாஸ் சேலத்தான்:
போன தடவை கேட்கவே இல்லையா? இங்கே கூட ஒப்புக்காவது கூட்டம் போடுவார்கள்.

கணக்கு வாத்தியார், அஸ்தம்பட்டி:
கேட்க வேண்டும் என்பது சட்டம். வரைவை அரசிதழில் போட்டு, நாள் குறித்து, பொது அமர்வு நடத்தி, ஆட்சேபம் கேட்டபிறகுதான் இறுதி உத்தரவு. உத்தரவு வந்தபிறகு சட்டமன்றத்தின் மேசையில் வைப்பார்கள், ஆனால் ஒரு கமாவைக் கூட யாரும் மாற்ற முடியாது. கோர்ட்டுக்கும் வழி கிட்டத்தட்ட அடைப்புதான், அப்பட்டமான தான்தோன்றித்தனம் என்றால் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்திருக்கிறது. ஆகவே பேச வேண்டிய இடம் அந்தப் பொது அமர்வு ஒன்றுதான். அரசிதழ் படிக்கிறவர் ஊரில் யார் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நாகலூர் காப்பி:
2026 சட்டமன்றத் தேர்தல் பழைய கோட்டில்தான், அது தெரியும். அதற்கப்புறம் கமிஷன் வந்தால் இந்தத் தடவை விடுவதாக இல்லை. இப்போதே மனு எழுதத் தொடங்கிவிட்டேன். மலையில் இருக்கிற ஒவ்வொரு பஞ்சாயத்திலிருந்தும் சேலத்துக்கு எத்தனை கிலோமீட்டர், கள்ளக்குறிச்சிக்கு எத்தனை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இதை மட்டும் ஒரு தாளில். யார் யார் வருகிறீர்கள்?

லீ பஜார்:
நான் வரேன் அண்ணே. பீகார் பையன் விஷயத்தையும் ஒரு மனுவா கொடுப்பேன், கோவிச்சுக்காதீங்க.

மேட்டூர் உபரிநீர்:
எழுதி வைங்க, கையெழுத்துக்கு நான் நூறு பேர்.

சங்ககிரி லாரி:
அன்னிக்கு வண்டி ஃப்ரீயா இருந்தா எல்லாரையும் ஏத்திக்கிறேன். அமர்வு எந்த ஊர்ல வைப்பாங்க?

நாகலூர் காப்பி:
எனக்கிருக்கிற ராசிக்குக் கள்ளக்குறிச்சியில்தான் வைப்பார்கள்.